சூப்பர்கீலன்

சூப்பர்கீலன் என்பது டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில், நோரெப்ரோ என்னும் பகுதியில் அமைந்துள்ள பொதுப் பூங்கா ஆகும். ஏறத்தாழ 750 மீட்டர் நீளமும் 30,000 சதுர மீட்டர் பரப்பளவும் கொண்ட இப்பூங்கா 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. இதிலுள்ள இருக்கைகள், ஊஞ்சல்கள், விளக்குகள், குப்பைத்தொட்டிகள், மரங்கள் முதலியவை சுற்றுப்புறத்தில் வாழும் மக்களின் பரிந்துரைப்படி 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை, அல்லது அந்நாடுகளில் உள்ளவற்றைப் போன்று அதே அளவில் செய்யப்பட்டவை ஆகும். இதனால் பொதுவிடங்களின் வடிவமைப்பில் அப்பகுதி மக்களைப் பங்கேற்கச் செய்யும் முறைக்கு உலக அளவில் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அதேவேளை, மக்களிடம் எந்த முடிவுகள் ஒப்படைக்கப்பட்டன, எவை ஒப்படைக்கப்படவில்லை என்பது பற்றிய விவாதங்களுக்கும் இப்பூங்கா உட்பட்டுள்ளது.

பெயர்

டேனிய மொழியில் "கீலன்" என்பது ஆப்பு எனப் பொருள்படும். கட்டடங்களுக்கு இடையே ஆப்புப் போல நீண்டு செல்லும் நிலத்தின் வடிவத்தை ஒட்டி இப்பெயர் ஏற்பட்டது.

அமைவிடமும் பின்னணியும்

நோரெப்ரோ, நகர மையத்துக்கு வடமேற்கே உள்ள மக்கள்தொகை அடர்த்தி மிக்க பகுதியாகும். தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த இப்பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து துருக்கி, பாக்கிஸ்தான், மொரோக்கோ, லெபனான், ஈராக், சோமாலியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பெருமளவில் குடியேறினர். பூங்கா அமைந்துள்ள நிலம் நோரெப்ரோகேட், தாகென்ஸ்வை ஆகிய இரு பெருஞ்சாலைகளுக்கு இடைப்பட்டது. இதன் ஓரத்தில் உள்ள நோரெப்ரோ அரங்கம் முன்னர் டிராம் வண்டிகளின் பணிமனையாக இருந்து பின்னர் விளையாட்டு அரங்காக மாற்றப்பட்டதாகும்.

2000களில் இப்பகுதியின் பெயர் செய்திகளில் பெரும்பாலும் மோதல்கள் தொடர்பாகவே இடம்பெற்றது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் யாக்ட்வை தெருவிலிருந்த "இளைஞர் இல்லம்" என்னும் கட்டடத்திலிருந்து அங்கிருந்தோர் வெளியேற்றப்பட்டுக் கட்டடம் இடிக்கப்பட்டபோது பெரும் கலவரங்கள் மூண்டன. இத்தகைய சூழலில் கோப்பன்ஹேகன் நகராட்சியும், கட்டடச் சூழல் தொடர்பான பணிகளுக்கு நிதியளிக்கும் ரியால்டானியா என்னும் அறநிறுவனமும் இணைந்து, மீமர்ஸ்கேட் சுற்றுவட்டாரத்தின் சீரமைப்பில் ஒரு பகுதியாக இப்பூங்காவை அமைக்க முன்வந்தன.

வடிவமைப்புக் குழு

பூங்காவை மூன்று தரப்பினர் சேர்ந்து வடிவமைத்தனர்.

பியார்க்கே இங்கெல்ஸ் குழுமம்: கோப்பன்ஹேகனில் தொடங்கப்பட்ட கட்டடக்கலை நிறுவனம்.
தோப்போதெக் 1: பெர்லின் நகரைச் சேர்ந்த நிலத்தோற்றக் கலை நிறுவனம்.
சூப்பர்பிளெக்ஸ்: யாக்கோப் பெங்கர், பியோர்ன்ஸ்தியர்ன கிறிஸ்டியான்சன், ராஸ்முஸ் நீல்சன் ஆகிய மூவரால் 1993இல் தொடங்கப்பட்ட டேனியக் கலைஞர் குழு.

பொதுவாக ஒரு பூங்காத் திட்டத்தில் வரைபடம் முதலில் தயாராகிறது. பின்னர் அது ஒரு கூட்டத்தில் மக்கள் முன் வைக்கப்பட்டு அவர்களின் ஆட்சேபங்கள் கேட்கப்படுகின்றன. இம்முறையில் எவருக்கும் பெரிதாகப் பிடிக்காத, எவரும் பெரிதாக எதிர்க்காத ஒரு சமரச வடிவமே எஞ்சும் என்பது இக்குழுவின் கருத்து. அதற்கு மாறாக, மக்களின் விருப்பங்களையே வடிவமைப்பின் மூலப்பொருளாகக் கொள்வது என இவர்கள் முடிவு செய்தனர். டேனியத் தெருத் தளபாடங்களின் வழக்கமான பட்டியலிலிருந்து ஒரே மாதிரியான இருக்கைகளையும் விளக்குகளையும் வாங்கி வைப்பதைத் தவிர்த்து, அங்கு வாழ்வோர் அறிந்த பிற ஊர்களின் பொருட்களை வைப்பதே திட்டத்தின் அடிப்படை ஆயிற்று.

மூன்று பகுதிகள்

பூங்கா நிறத்தாலும் பயனாலும் வேறுபட்ட மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நோரெப்ரோ வழியாகச் செல்லும் மிதிவண்டிப் பாதை ஒன்று இம்மூன்றையும் இணைக்கிறது.

சிவப்புச் சதுக்கம்: நோரெப்ரோ அரங்கத்தை ஒட்டிய பகுதி. தரைமுழுதும் சிவப்பு, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகிய நிறத் துண்டுகளாக அமைக்கப்பட்டது. விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் சந்தைக்கும் உரிய இடமாக இது திட்டமிடப்பட்டது.

கறுப்புச் சந்தை: கறுப்புத் தரையில் வளைந்து செல்லும் வெண்கோடுகளைக் கொண்ட நடுப்பகுதி. நீரூற்று, சதுரங்க மேசைகள், இறைச்சி சுடும் அடுப்புகள் ஆகியவை இங்கு உள்ளன. அயலார் அமர்ந்து பேசும் முற்றமாக இது கருதப்பட்டது.

பச்சைப் பூங்கா: புல்மேடுகளும் விளையாட்டுத் திடல்களும் கொண்ட நீண்ட பகுதி. குடும்பங்களும் சிறுவர்களும் இதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். கூடுதல் பசுமை வேண்டும் என்று அப்பகுதி மக்கள் விடுத்த கோரிக்கைக்கு விடையாக இது முழுதும் பச்சையாக அமைக்கப்பட்டது.

பொருட்களின் தேர்வு

தாங்கள் பிறந்த நாட்டிலோ, பயணம் சென்ற நாட்டிலோ கண்ட பொதுவிடப் பொருள் ஒன்றைப் பரிந்துரைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நினைவுச்சின்னங்களோ சிலைகளோ கேட்கப்படவில்லை. தெருவில் நாளும் பயன்படும் இருக்கை, விளக்கு, தொட்டி, மரம், மூடி போன்றவையே கேட்கப்பட்டன. கிடைத்த பரிந்துரைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் பூங்காவில் இடம்பெற்றன. சில பொருட்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டன. பாதுகாப்பு விதிகள் காரணமாகவோ, பெறுவதற்கு இயலாத காரணத்தாலோ மற்றவை மூலத்தின் அளவில் செய்யப்பட்டன.

குறிப்பிடத்தக்க சில பொருட்கள்:

மொரோக்கோ நாட்டு விண்மீன் வடிவ நீரூற்று
ஜப்பான் நாட்டு ஆக்டோபஸ் வடிவச் சறுக்குமேடை
ஈராக் நாட்டு ஊஞ்சல்
பல்கேரியா நாட்டு சதுரங்க மேசைகள்
கத்தார், ரஷ்யா ஆகிய நாடுகளின் நியான் விளம்பரப் பலகைகள்
ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் உள்ளவை போன்ற உடற்பயிற்சிக் கருவிகள்
போலந்தின் கதான்ஸ்க், பிரான்சின் பாரிஸ் ஆகிய நகரங்களின் பாதாளச் சாக்கடை மூடிகள்
சீனப் பனை, ஜப்பானியச் செர்ரி, லெபனான் கேதுரு முதலிய மரங்கள்

ஒவ்வொரு பொருளின் அருகிலும் தரையில் சிறு உலோகத் தகடு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்னும் விவரங்கள் அதில் டேனிய மொழியிலும், அப்பொருளின் நாட்டு மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. நகராட்சியின் பொதுச்சொத்து ஒன்றில் வேற்றுமொழி எழுத்துக்கள் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது.

ஐந்து பயணங்கள்

பரிந்துரை கேட்கும் பொதுவான முறைகளில் முன்வந்து பேசாதவர்களும் உண்டு. கூட்டத்துக்கு வருவோர் பெரும்பாலும் மொழி நன்கு அறிந்தவர்களாகவும், நேரம் உள்ளவர்களாகவும், பேசிப் பழகியவர்களாகவும் இருப்பர். முதியோரும் பதின்வயதினரும் இதில் விடுபட்டுப் போகின்றனர். இதனை ஓரளவு சரிசெய்யும் நோக்கில் சூப்பர்பிளெக்ஸ் குழுவினர் ஐந்து பயணங்களை மேற்கொண்டனர். அப்பகுதியில் வாழும் முதியோரும் இளையோரும் இப்பயணங்களில் உடன் சென்று, தாங்கள் விரும்பிய பொருளை நேரில் கண்டு தேர்ந்தனர். இம்முறையைக் குழுவினர் "தீவிரப் பங்கேற்பு" என அழைத்தனர்.

இப்பயணங்களின் வழியாகப் பூங்காவுக்கு வந்தவை பின்வருமாறு:

பாலஸ்தீனத்து மண்
தாய்லாந்தின் தாய்க் குத்துச்சண்டை மேடை
யமேக்காவின் பெரிய ஒலிபெருக்கி அமைப்பு
ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து நடன மண்டபம்
எசுப்பானியாவின் சாலையோரங்களில் நிற்கும், மதுபான நிறுவனம் ஒன்றின் விளம்பரமாகத் தோன்றிய கறுப்புக் காளை உருவம்

இவற்றுள் பாலஸ்தீனத்து மண் ஏனையவற்றிலிருந்து வேறுபட்டது. ஊஞ்சலையும் ஒலிபெருக்கியையும் யாரும் பயன்படுத்தலாம். மண் பயன்படுத்தும் பொருளன்று. அதன் மீது நிற்கலாம் என்பதே அதன் பயன். ஒரு பூங்காவில் மக்கள் எதை வைக்க விரும்புவர் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே பட்டியலிட இயலாது என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

பங்கேற்பின் அளவு

பங்கேற்பு பற்றிய ஆய்வுகளில் அடிப்படையாகக் கொள்ளப்படுவது, ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வெளியிட்ட "குடிமக்கள் பங்கேற்பின் ஏணி" என்னும் கட்டுரையாகும். அதில் அவர் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அடியிலுள்ள இரு படிகளில் பங்கேற்பே இல்லை. மக்களை இணங்க வைப்பது மட்டுமே நிகழ்கிறது. நடுவிலுள்ள மூன்று படிகளில் மக்களுக்குத் தகவல் தரப்படுகிறது, கருத்துக் கேட்கப்படுகிறது, சிறு சலுகைகள் வழங்கப்படுகின்றன. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மேலுள்ள மூன்று படிகளில் மட்டுமே கூட்டாண்மை முதல் முழுக் கட்டுப்பாடு வரை அதிகாரம் மக்களுக்குச் செல்கிறது.

சூப்பர்கீலனை இவ்வேணியின் ஒரே படியில் வைப்பது கடினம். ஒரு பூங்காவைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகள் பலவகைப்பட்டவை. ஒவ்வொன்றிலும் மக்களின் பங்கு வேறுபட்டது.

இடமும் நிதியும்: நகராட்சியும் ரியால்டானியாவும் முடிவு செய்தன.
மூன்று பகுதிகள், நிறங்கள், பாதைகள்: வடிவமைப்பாளர் முடிவு செய்தனர். கூடுதல் பசுமை வேண்டும் என்னும் கோரிக்கை மட்டும் மக்களிடமிருந்து வந்தது.
பொருட்கள்: மக்கள் பரிந்துரைத்தனர். அவற்றைப் பூங்காவில் பொருத்தி அமைக்கும் பணி வடிவமைப்பாளரிடம் இருந்தது.
பராமரிப்பு: நகராட்சியின் பொறுப்பில் உள்ளது.

இவற்றுள் பொருட்களைப் பற்றிய முடிவே பூங்காவின் புகழுக்குக் காரணமானது. ஏனைய முடிவுகளில் மக்களின் பங்கு வழக்கமான திட்டங்களில் உள்ளதை விடப் பெரிதாக வேறுபடவில்லை.

பிற எடுத்துக்காட்டுகளுடன் ஒப்பீடு

எந்த முடிவு மக்களிடம் செல்கிறது என்பதில் பிற முயற்சிகள் வேறு வழிகளைக் கையாண்டுள்ளன.

எம்திரப்: கோப்பன்ஹேகனின் எம்திரப் பகுதியில் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், நிலத்தோற்றக் கலைஞர் சோரென்சனின் எண்ணத்துக்கிணங்க ஒரு விளையாட்டிடம் திறக்கப்பட்டது. அதில் ஊஞ்சலோ சறுக்குமரமோ வைக்கப்படவில்லை. பலகை, கல் முதலிய கழிவுப் பொருட்களைக் கொண்டு சிறுவர்களே தங்களுக்கு வேண்டியவற்றைக் கட்டிக்கொண்டனர். வடிவம் பற்றிய முடிவு இங்கு பயன்படுத்துவோரிடமே விடப்பட்டது. பின்னாளில் பல நாடுகளில் தோன்றிய "சாகச விளையாட்டிடங்களுக்கு" இதுவே முன்னோடி ஆகும்.

ஆம்ஸ்டர்டாம்: கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947இல் பெர்தெல்மான்பிளைன் என்னும் சதுக்கத்தில் தமது முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அதனைக் கண்ட பிற தெருவினர் தங்கள் பகுதிக்கும் அவ்வாறு ஒன்று வேண்டும் என நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினர். 1978 வரையில் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாயின. மணற்குழி, கம்பி வளைவு, தாண்டும் கற்கள் ஆகியவற்றின் வடிவம் கட்டடக் கலைஞருடையது. எந்த இடம் என்பதில் மக்களின் கடிதங்களுக்குப் பங்கிருந்தது.

செத்தகாயா: தோக்கியோவின் செத்தகாயா வட்டத்தில் உள்ள ஹானேகி விளையாட்டுப் பூங்கா 1979இல் தொடங்கப்பட்டது. இது எம்திரப்பின் வழிவந்த சாகச விளையாட்டிடம் ஆகும். வட்ட நிர்வாகத்துடன் இணைந்து அப்பகுதி மக்களே இதனை நடத்துகின்றனர். திறப்பு விழாவுடன் பங்கேற்பு முடிந்துவிடாமல் நாள்தோறும் தொடர்வது இதன் சிறப்பாகும்.

பயன்பாடும் பராமரிப்பும்

பூங்கா திறக்கப்பட்ட பின் அப்பகுதி மக்கள் மட்டுமன்றிச் சுற்றுலாப் பயணிகளும் பெருமளவில் வரத் தொடங்கினர். கறுப்புச் சந்தையின் வெண்கோடுகளும் சிவப்புச் சதுக்கத்தின் தரையும் நிழற்படங்களுக்கு விருப்பமான இடங்களாயின.

எனினும், நிழற்படங்களில் நன்கு தோன்றிய சிவப்புத் தரை பயன்பாட்டில் சிக்கலை ஏற்படுத்தியது. மழை மிகுந்த கோப்பன்ஹேகனில் அத்தரை நனைந்தபோது வழுக்கியது. மிதிவண்டி ஓட்டுவோருக்கு இது இடராக இருந்தது. நிறமும் விரைவில் மங்கியது. இதனால் தரையைச் சீரமைக்க வேண்டியதாயிற்று. பல நாடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்த பொருட்கள் பழுதுபடும்போது, வழக்கமான இருக்கைகளைப் போல உதிரிப்பாகங்களைப் பட்டியலிலிருந்து வாங்கி மாற்ற இயலாது என்பதும் இத்தகைய பூங்காவின் பராமரிப்புச் சுமையாகும்.

விமர்சனங்கள்

மக்களின் பங்கேற்பு பொருட்களைப் பரிந்துரைப்பதோடு நின்றுவிட்டது என்பது முதன்மையான விமர்சனம். அமெரிக்கக் கலைஞரான பிரெட் புளூம் 2013இல் எழுதிய கட்டுரையொன்றில் இப்பூங்காவின் பங்கேற்பு முறையைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தினார்.

ஒருவரை அவருடைய நாட்டின் பொருளைக் கொண்டு அடையாளப்படுத்துவது, கோப்பன்ஹேகனிலேயே பிறந்து வளர்ந்தவரையும் வேற்று நாட்டவராகவே காட்டிவிடும் என்பது மற்றொரு விமர்சனம். இதற்கு எதிர்வாதமாக, பொருளைத் தேர்ந்தெடுத்தோர் தங்கள் பிறந்த நாட்டுக்குக் கட்டுப்படுத்தப்படவில்லை என்பதும், ஒரு நாட்டுப் பொருளை வேறு நாட்டுப் பின்னணி கொண்டவரே அன்றாடம் பயன்படுத்துகிறார் என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

மியோல்னர்பார்க்கன் குடியிருப்பும் 2018ஆம் ஆண்டுச் சட்டமும்

பூங்காவை ஒட்டி மியோல்னர்பார்க்கன் என்னும் குடியிருப்பு உள்ளது. 1980களில் கட்டப்பட்ட இது நான்கு தொகுதிகளைக் கொண்ட, இலாப நோக்கற்ற வாடகைக் குடியிருப்பாகும். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் குடிபெயர்ந்தோரும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர்.

டேனிய அரசு 2010 முதல் இத்தகைய குடியிருப்புகளின் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தது. அது "கெட்டோ பட்டியல்" என அறியப்பட்டது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் அன்றைய பிரதமர் லார்ஸ் லொக்க ராஸ்முசன் இக்குடியிருப்புகள் தொடர்பான புதிய திட்டத்தை அறிவித்தார். அதனைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1,000 பேருக்குக் குறையாத ஒரு குடியிருப்பில் "மேற்கத்தியர் அல்லாத" பின்னணி கொண்டோர் பாதிக்கு மேல் இருந்து, வேலை, கல்வி, வருமானம், குற்றம் ஆகிய நான்கு அளவுகோல்களில் இரண்டில் பின்தங்கியிருந்தால் அது இப்பட்டியலில் சேர்க்கப்படும். பல ஆண்டுகள் தொடர்ந்து பட்டியலில் இருக்கும் குடியிருப்புகளில், இலாப நோக்கற்ற குடும்ப வீடுகளின் பங்கு 2030க்குள் 40 விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு குறைக்கப்பட வேண்டும். இதனை வீடுகளை விற்பது, இடிப்பது, வேறு வகையாக மாற்றுவது ஆகிய வழிகளில் நிறைவேற்றலாம். மியோல்னர்பார்க்கனில் நான்கு தொகுதிகளில் இரண்டை விற்பது எனத் திட்டமிடப்பட்டது. அவற்றில் வாழ்ந்தோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது.

2020இல் குடியிருப்பாளர் சிலர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். இனப் பின்னணியின் அடிப்படையிலான பாகுபாடு என்பது அவர்களின் வாதம். டேனிய நீதிமன்றம் இது குறித்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்திடம் விளக்கம் கோரியது. அந்நீதிமன்றத்தின் தலைமைச் சட்ட அறிவுரைஞருள் ஒருவர் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அளித்த கருத்துரையில், இச்சட்டம் இனப் பின்னணியின் அடிப்படையில் நேரடிப் பாகுபாடு காட்டுவதாகக் குறிப்பிட்டார். இத்தகைய கருத்துரை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதன்று.

பூங்காத் திட்டமும் இச்சட்டமும் வெவ்வேறு அமைப்புகளால், வெவ்வேறு காலங்களில் முன்னெடுக்கப்பட்டவை. பூங்கா காரணமாக வீடுகள் விற்கப்பட்டன என்று கூற இயலாது. ஆயினும் இரண்டும் ஒரே அயலகத்தைப் பற்றியவை. முதலாவது, அங்குள்ளோரின் பல்வேறு நாட்டுப் பின்னணியை நகரின் செல்வமாகக் கொண்டு, தெருவில் எந்த ஊஞ்சல் நிற்க வேண்டும் என அவர்களிடம் கேட்டது. இரண்டாவது, அதே பின்னணியைக் குறைபாட்டின் அளவுகோலாகக் கொண்டது. தங்கள் வீடுகளில் தொடர்ந்து வாழ்வது பற்றிய முடிவு குடியிருப்பாளரிடம் விடப்படவில்லை. பொதுவிட வடிவமைப்பில் பெறும் பங்கேற்பு, குடியிருக்கும் உரிமைக்கு உறுதி ஆகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகிறது.

விருதுகள்

2013: அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் சிறப்பு விருது.
2013: ஐரோப்பிய ஒன்றியத்தின் சமகாலக் கட்டடக்கலைக்கான மீஸ் வான் டெர் ரோ விருதின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவான ஐந்து திட்டங்களுள் ஒன்று.
2016: கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது. அச்சுற்றில் விருது பெற்ற ஆறு திட்டங்களுள் இதுவும் ஒன்று.

இவற்றையும் பார்க்கவும்

பங்கேற்பு வடிவமைப்பு
பொதுவிடம்
நகரத் திட்டமிடல்
நிலத்தோற்றக் கலை
சாகச விளையாட்டிடம்
கோப்பன்ஹேகன்